எலிசபெத்தின் வீட்டில் குடியிருந்தோம்

இந்த மன்னார்த் தீவில் வீடு கேட்டுப் போனால், வாடகையைச் சொல்வதற்கு முன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறார்கள். பேசாலையில் படகும் வலையும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்பும் சம்மாட்டியார், தம் வளவிலிருந்த ஓட்டு வீட்டைக் காட்டி, "அது எலிசபெத்தின்ர வீடு. அவளையும் ஒருக்கா கேக்கவேணும்" என்றார். யாரோ வயதான அம்மாள் என்று நினைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அடக்கமாக நின்றேன். கிணற்றடியிலிருந்து இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சம்மாட்டியாரின் மூத்த மகள்! இங்கே வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவான். அதுவரை வீடு பூட்டிக் கிடக்கும். வாடகை மலிவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். "கலியாணம் சரிவந்தா விட்டுத் தரவேணும், கிளாக்கர் ஐயா" என்றார். தலையாட்டினேன்.

அன்றைய நிலையில் எதற்கும் தலையாட்டியிருப்பேன். மாயவரத்தில் எங்களுக்குச் சொந்த வீடு உண்டு; வாடகை கொடுத்துக் குடியிருப்பது எப்படி என்றே என் அப்பாவுக்குத் தெரியாது. தலைமன்னார் துறையில் சுங்கக் கந்தோரில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்து வந்தபோது, கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்தேன். கந்தோருக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்றது. காலை நீட்டினால் சுவர் இடித்தது. ரயில் புகையும் கப்பல் புகையும் ஒரே ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. மகள் வள்ளி இரும ஆரம்பித்தாள். புகையில்லாத இடத்துக்கு அவளைக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். மன்னார்ப் பட்டினத்தில் வசதியான வீடுகள் இருந்தன; ஆனால் கந்தோருக்கு வெகுதூரம். "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் ஊருக்கே போயிடறேன்" என்று என் மனைவி கமலம் பெட்டியைத் திறந்து துணி அடுக்கினாள். அந்த வாரம்தான் பேசாலை வீடு அகப்பட்டது. மூன்று அறை, நல்ல தண்ணீர்க் கிணறு, கந்தோருக்குக் காலை ரயில்.

வள்ளியின் இருமல் நின்றது. தென்மேற்குச் சோளகக் காற்று தண்டவாளத்தில் மணலைக் கொட்டும் நாட்களில் ரயில் பிந்தும், கந்தோர்த் துரையின் முகம் சிவக்கும். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. என் பயமெல்லாம் சம்மாட்டியார் வீட்டுக்கு வெள்ளை வேட்டியில் வரும் புது மனிதர்களைப் பற்றித்தான். வங்காலையிலிருந்து வந்த ஒரு சம்பந்தம் கலைந்தது. சம்மாட்டியாருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து பாயசம் வைக்கச் சொன்னேன். "வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றாள் கமலம். கேட்டுவிட்டு வைத்தாள்.

போன மாதம் ஒரு சம்பந்தம் கூடிவிட்டது. அரிப்பு என்கிற ஊர் மாப்பிள்ளை. வீட்டுக்கு வெள்ளையடிக்கவேணும் என்று சம்மாட்டியார் வந்து நின்றார். கமலமும் வள்ளியும் அவள் தம்பியும் கப்பலேறுவது என் கண்முன்னே தெரிந்தது. "எங்களுக்குப் போக இடமில்லையே, சம்மாட்டியார்" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஏன் போகவேணும்? அங்கால செசீலியாவின்ர வீடு கிடக்குத்தானே!"

வேலிக்கு அப்பால் கூரையில்லாமல் நின்ற சுவர்களை வலை வைக்கும் கொட்டில் என்றல்லவா நினைத்திருந்தேன்! அது இளைய மகளுக்காகக் கட்டும் வீடாம். "உங்கட வாடகையை முன்னுக்குத் தந்தா ஓடு போட்டிடுவன்" என்றார்.

"அவளுக்கு எப்போது கலியாணம்?" என்று கேட்டேன்.

"நடுவில நாலு ஆம்பிளைப் பெடியள், ஐயா. அவளுக்கு இப்பதான் அஞ்சு வயசு."

கதிரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஓர் அறை குறைவுதான். ஆனால் ஸ்டேஷன் இன்னும் கிட்ட. அதைவிடப் பெரிய விஷயம், பல வருஷத்துக்கு வெள்ளை வேட்டிகளைக் கண்டு நான் பயப்பட வேண்டியதில்லை.

ஓடு போட்டு நாங்கள் குடிவந்த நாள் முதல் செசீலியா காலையில் வந்து மேற்பார்வை செய்கிறாள். "சுவரில கரியால கீறாதை. இது என்ர வீடு" என்று வள்ளியை அதட்டுகிறாள். நேற்று வள்ளி என்னிடம் வந்தாள்.

"அப்பா, என் வீடு எங்க இருக்கு?"

"மாயவரத்துல இருக்கேம்மா."

"அது உங்க வீடு. அப்புறம் தம்பி வீடு. என் வீடு எது?"

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் தகப்பனிடம் இப்படிக் கேட்டதில்லை. இன்று ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம், கோயிலுக்குப் பின்னால் பனை நிற்கும் மணல் நிலத்துண்டு என்ன விலை என்று விசாரித்தேன். கட்டுப்படியாகும் விலைதான். கடலுக்கு இந்தப் பக்கம் உங்கள் பேத்திக்கு ஒரு சொந்த வீடு தேடுகிறேன் என்று அப்பாவுக்கு எழுதத்தான் கை வரவில்லை.