பாஸ் தொடாதவள்

சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. அதனால் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள நாளன்று மட்டும் வெளியே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும்.

அவளுக்கு இன்னொரு பட்டமும் இருந்தது. அதைப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அந்த இடத்தில் அது பெருமைதான். அவள் பாஸ் தொடாதவள்.

பாஸ் என்றால் உள்ளங்கை அகல மரப்பலகை. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து ஆணியில் மாட்ட வேண்டும். லைன் என்கிற மெஷின் வரிசை ஒன்றுக்கு ஒரே பாஸ். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் சாதாரண ஆள் இல்லை. ஒருத்தி எழுந்து போனால் அவள் மெஷின் முன்னால் துணிக்கட்டு குவியும். அடுத்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைய டார்கெட் மொத்த லைனுக்கும் உதைக்கும். ஆகவே முதலாளியை யாரும் திட்டுவதில்லை. போய்விட்டு வருகிறவளைத்தான் திட்டுவார்கள். "என்னடி, அங்கயே குடித்தனம் வெச்சிட்டியா?" என்று ஒருத்தி ஆரம்பித்தால் வரிசையே சிரிக்கும்.

காலர் அக்காவுக்குப் பேச்சு வாங்கப் பிடிக்காது. அவள் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை விட்டாள். காலையில் வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. மதியம் சோறு தொண்டையில் அடைத்தால் ஒரு மடக்கு. முதல் சில மாதங்கள் அடிவயிறு முட்டி, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, பெடலை மிதிக்கிற கால் நடுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பாள். கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காத ஆள் ஒருநாள் கேட்பதையே விட்டுவிடுவதுபோல, பிறகு உடம்பும் அவளைக் கேட்பதை விட்டுவிட்டது.

சூப்பர்வைசர் புதிதாக வரும் பெண்களிடம் அவளைத்தான் காட்டுவாள். "அக்காவப் பாருங்க. பாஸ் பக்கம் தலைவெச்சுப் படுத்திருக்காங்களா?" ஆண்டு விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லோரும் கைதட்ட, ஒரு பரிசும் கொடுத்தார்கள். என்ன பரிசு தெரியுமா? தண்ணீர் குடிக்கிற ஜக், கூடவே அரை டஜன் கண்ணாடி டம்ளர். கொடுத்தவர் கேலிக்குக் கொடுக்கவில்லை, அதுதான் கொடுமை. அவளும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக வலி வந்தபோது, உட்கார்ந்தே வேலை செய்வதால் என்று நினைத்தாள். தொழிற்சாலை நர்ஸிடம் ஒரே ஒரு வெள்ளை மாத்திரைதான் உண்டு. தலைவலிக்கும் அதுதான், முழங்கால் வலிக்கும் அதுதான், மனக்கஷ்டம் என்று போனாலும் அதைத்தான் கொடுப்பாள். குளிர் காய்ச்சல் வந்தது. சிறுநீர், அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கி, பிறகு சிவந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் விடுப்பு எடுக்கச் சொல்வார்கள். விடுப்பு எடுத்தால் மெஷினில் வேறொருத்தி உட்காருவாள். புருஷனுக்கு வேறு ஊரில் கட்டட வேலை. முடிந்தபோது அனுப்புவான், மற்றபடி போனில் நலம் விசாரிப்பான். வீட்டில் ஒரே மகள், பெரிய வகுப்புக்கு வந்துவிட்டவள், கணக்கில் புலி. அம்மாவை மெஷினிலிருந்து எழுப்பி உட்கார வைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். காலர் அக்காவுக்கு இந்த உலகத்திடம் ஒரே ஒரு வேண்டுதல்தான்: மகள் படிப்பை முடிக்கும்வரை இந்த உடம்பு ஓடிவிட வேண்டும். அதற்குப் பிறகு எக்கேடு கெட்டாலும் அவளுக்குக் கவலை இல்லை.

உடம்பு அவ்வளவு பொறுக்கவில்லை. ஒருநாள் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து விழுந்தாள்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் அம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினாள். "இந்த வாரத்துக்குள்ள எடுத்துடுங்க. இதத் தவறவிட்டா அடுத்த தேதி எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. கிட்னி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது" என்றாள்.

ஸ்கேனுக்கு வரும்போது நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும் என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் அன்று காலையில் தலை வாரினாள், செருப்பை மாட்டினாள், கதவைப் பூட்டினாள். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரைத் தொட்டுப் பழகாத கை, பானைப் பக்கமே போகவில்லை. மருத்துவமனைப் படி ஏறும்போதுதான் நினைவு வந்தது.

"தண்ணி குடிக்காம வந்தா நான் என்னத்தம்மா பாக்கறது?" என்று ஸ்கேன் எடுக்கிற பெண் சலித்துக்கொண்டாள். "அங்க குழாய் இருக்கு. குடிங்க. நல்லா முட்டினதும் வந்து சொல்லுங்க. மதியத்தோட மூடிடுவோம், ஞாபகம் வெச்சுக்கங்க."

குடித்தாள். வயிறு கனக்கக் கனக்கக் குடித்தாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வங்கியில் வேலை பார்ப்பவள். கையில் அழகான தண்ணீர் பாட்டில். "எனக்கு அரை பாட்டில் குடிச்சாலே தாங்காதுங்க. ஆபீஸ்ல என் சீட்டுக்குப் பின்னாடியே பாத்ரூம், அதனால பொழச்சேன்" என்று சிரித்தாள். சொன்னதுபோலவே சற்று நேரத்தில் நெளிய ஆரம்பித்து, கதவைத் தட்டி, உள்ளே போய், முடித்து, போயும் போய்விட்டாள். நல்ல மனுஷிதான். சீட்டுக்குப் பின்னால் பாத்ரூம் இருப்பது அவள் குற்றமா?

காலர் அக்கா உட்கார்ந்தே இருந்தாள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் காலை ஒதுக்கி வழிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியைத் தானே கையைப் பிடித்து உள்ளே அனுப்பினாள். லைனில் பாஸை விட்டுக்கொடுத்துப் பழகியவளுக்கு இது என்ன பெரிய விஷயம்?

"முட்டுதா?" என்று கதவிடுக்கில் தலை நீட்டிக் கேட்டாள் ஸ்கேன் பெண்.

"இன்னும் இல்லம்மா."

மறுபடி குழாய்க்குப் போனாள். மறுபடி பெஞ்சு. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முட்டுகிறது என்று ஒரு பொய் சொன்னால் என்ன? சொல்லி, உள்ளே போய், ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால்? அவள் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றைக் கவனித்தாள். அங்கே ஆள் இல்லாத வீடுபோல இருந்தது.

கடைசியில் கூடம் காலியாயிற்று. ஸ்கேன் பெண் சாவியைக் கையில் எடுத்துவிட்டவள், இவளைப் பார்த்ததும் பாவப்பட்டு, "சரி, வந்து படுங்க. தெரிஞ்ச வரைக்கும் பாக்கறேன்" என்றாள். கருவியை வயிற்றில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஐயோ, இவ்வளவு ரொம்பி நிக்குது! இன்னும் கொஞ்சம் விட்டா வெடிச்சிடும்போல. உங்களுக்கு நெஜமா ஒண்ணும் தெரியலியா?"

"தெரியலியேம்மா" என்றாள் காலர் அக்கா. தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போலத்தான் சொன்னாள்.

போய்விட்டு வரச் சொன்னார்கள். போய்விட்டு வந்த பிறகும் பாதி அப்படியே உள்ளே நின்றது.

டாக்டர் அம்மா படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரொம்ப நாளா அடக்கி வெக்கிற பழக்கமா?"

"பழக்கம்னு இல்லம்மா. வேலை."

டாக்டர் அம்மாவுக்கும் களைப்புதான். வாசலில் இன்னும் கூட்டம் நின்றது. ஆனாலும் நிதானமாகச் சொன்னாள். "மூத்திரப் பை தளர்ந்துபோச்சு. மேல ஏறின தண்ணியில ஒரு கிட்னி வீங்கியிருக்கு. மருந்து தரேன், ஆனா மருந்து பாதிதான். முட்டினாலும் சரி, முட்டாட்டியும் சரி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ போயே ஆகணும். நிறையத் தண்ணி குடிக்கணும். இல்லேன்னா இருக்கறதும் போயிடும்." தொழிற்சாலைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாஸா! சூப்பர்வைசரின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோது காலர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தாள். பகல் வெளிச்சத்தில் தன் வீட்டைப் பார்த்தே பல காலம் ஆகியிருந்தது. மகள் பள்ளி விட்டு வருகிற நேரம் அவள் எப்போதும் மெஷினில்தான் இருப்பாள். இன்றைக்காவது பிள்ளை வரும்போது வாசலில் நிற்போம் என்று எழுந்து நின்றாள்.

மகள் தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள். வாசலில் அம்மா நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. பையை வீசி எறிந்துவிட்டு, செருப்போடு, கொல்லைப் பக்கம் இருந்த பொதுக் கழிப்பறைக்குப் பாய்ந்தாள். கதவு அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து வெளியே வந்தவள் அம்மாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எப்பம்மா வந்த? ஸ்கேன் எடுத்தாங்களா?"

"அத விடு. ஏன்டி இப்படி ஓடி வர? ஸ்கூல்ல போகலியா?"

மகள் சிரித்தாள். "ஸ்கூல்ல யாரும்மா போவா? அது பூட்டியே கெடக்கும்."

"அப்ப நாள் முழுக்க?"

"தண்ணி குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். மத்தியானம் வரைக்கும் கஷ்டமா இருக்கும். அப்புறம் தானா அடங்கிடும். எங்க வகுப்புல எல்லாரும் அப்படித்தான்." மகள் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். "நீதானம்மா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவ, பாஸ் தொட்டதே இல்லேன்னு. நானும் இதுவரைக்கும் சாவி கேட்டதே இல்ல."

காலர் அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிறுநீரகம் வீங்கியது என்று கேட்டபோது வராத வலி இப்போது வந்தது. வீடு, நகை, படிப்பு என்று எதையெதையோ பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கேட்காமலேயே கொடுத்து முடித்திருப்பது இதுதானா?

மறுநாள் காலையில் அவள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறவில்லை. சொன்னபடி தண்ணீர் குடித்துவிட்டு, மகள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, அவளோடு பள்ளிக்குப் போனாள்.

தலைமை ஆசிரியை மேஜை நிறையக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். "என்ன விஷயம்மா?"

"பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ் சாவி வேணும் டீச்சர்."

டீச்சர் இழுப்பறையைத் திறந்தாள். சாவிகள் குவியலாகக் கிடந்தன; எது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்கு வாங்களேன். எடுத்து வெக்கச் சொல்றேன்."

"பரவால்ல டீச்சர், இருக்கேன்."

"உங்களுக்கு வேலை இல்லையா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் வகுப்பு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, மானம் போகிறது என்று புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்த அம்மாள் எழுந்து போகமாட்டாள் என்று புரிந்த பிறகு டீச்சர் சாவிக் குவியலை அள்ளிக்கொண்டு எழுந்தாள். பூட்டில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். துரு கொட்டியது. கடைசியில் ஏதோ ஒன்று திரும்பியது.

உள்ளே கூரைவரைக்கும் உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்தன.

டீச்சர் வாயில் கைவைத்தாள். "நான் இங்க மாத்தலாகி வந்ததுலேர்ந்து பூட்டித்தாம்மா இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே இல்ல."

காலர் அக்கா பையை ஓரமாக வைத்துவிட்டு, முதல் பெஞ்சின் காலைப் பிடித்து இழுத்தாள். இடுப்பு சுரீர் என்றது. பெஞ்சு அசையவில்லை. அவள் நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். காலையில் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் அம்மா சொன்ன நேரம். அடிவயிறு வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவளாகத்தான் கேட்க வேண்டும்.

"டீச்சர், எனக்கும் இப்ப போகணும்" என்றாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "நீங்கள்லாம் எங்க போவீங்க?"

தலைமை ஆசிரியை சாவிகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"நாங்களும் வீட்டுக்குப் போய்த்தாம்மா" என்றாள்.