எழுவைதீவு மெஷினில் அழிக்காமல் விட்டது

1. முதல் நாள்

முதல் நாள் துளசி சொன்னது இதுதான்: “மெஷின் செத்தாலும் பயப்பிடாதேங்கோ அக்கா.”

துளசி டவுனில் இருக்கிற எஞ்சினியர். புளியங்கூடல் பிள்ளை. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தனான். கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தனான். கடற்றொழிலாளர் சங்கத்தில் மெஷின் பார்க்க ஆள் கேட்டார்கள். இங்கிலிஷ் எழுத்து கூட்டி வாசிப்பேன், பகலில் கரையில் நிற்பேன். எடுத்துவிட்டார்கள். இப்பவும் அதே வேலைதான். மற்றத் தீவுகளில் புதிதாக இந்த வேலைக்கு வந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி. அது படகு நிற்கிற இடத்தைக் கரையில் இருக்கிற எங்கள் ரவருக்கு, அந்த அன்ரெனாக் கோபுரத்துக்கு, அனுப்பும். அதைப் புள்ளி என்போம். அதை வாங்கி வைக்கிற கொம்பியூட்டர்தான் மெஷின். எங்கள் எழுவைதீவில் ஒரு மெஷின், நயினாதீவில் ஒன்று, ஊர்காவற்றுறையில் ஒன்று. ஒன்றுக்கு வந்த புள்ளி மற்ற இரண்டுக்கும் கொப்பியாக, நகலாக, போகும். அதனால்தான் துளசி பயப்படாதே என்றது.

ஒருக்கா எங்கள் டிஸ்க் பழுதாகிப் போனது. புது டிஸ்க் போட்டோம். மற்ற இரண்டு மெஷினும் பழையதெல்லாம் திருப்பித் தந்தன. எல்லோருக்கும் பெரிய சந்தோஷம்.

2. டிஸ்க்குக்குள்ளே

தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொமிற் லொக் என்று ஒரு ஃபோல்டர். வருகிற புள்ளி எல்லாம் வந்த ஒழுங்கில் முதலில் இதில்தான் விழும். யாருடைய படகு என்று பிரிக்காது. அதே புள்ளி மெமரியிலும் நிற்கும்.

டேற்றா என்று இன்னொன்று. மெமரி நிறைந்ததும், படகு வாரியாக அடுக்கி, ஒரு புது ஃபைலாக இதற்குள் எழுதும். எழுதின ஃபைலைப் பிறகு திருத்தாது. ஃபைல் கனக்கச் சேர்ந்தால் மெஷினே அவற்றைக் கலந்து ஒன்றாக்கும். பழையதை அழிக்கும்.

டேற்றாவுக்குள்ளே ஸ்னாப்ஷொற் என்று ஒரு ஃபோல்டர். துளசி ஏதாவது மாற்ற முன்னம் அன்றைக்கு இருந்த ஃபைல்களைப் பிடித்து வைக்கிற இடம். மெஷின் பழையதை அழித்தாலும் இதில் பிடித்து வைத்தது போகாது. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இவ்வளவும் எனக்கு அந்த ஒரு நாளில்தான் சரியாக விளங்கியது.

3. தாசன் வராத நாள்

வாடைக் காற்று. விடியமுன்னமே எங்கள் ரவரில் மற்றத் தீவுகளைப் பார்க்கிற அன்ரெனா காற்றில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. படகுகளைக் கேட்கிற அன்ரெனா சுகமாக நின்றது. புள்ளிகள் வந்தன. முற்பகல் மெஷின் நின்றுபோனது. டிஸ்க் நிறைந்துவிட்டது. திருப்பித் தொடங்கினால் தொடங்கவில்லை.

மத்தியானம் எல்லாரும் கரைக்கு வந்தார்கள். தாசன் வரவில்லை. அவருடைய போனும் வேலை செய்யவில்லை. வடக்கே வலை போடப் போகிறேன் என்றுதான் சொல்லிப் போனவர். சங்கத் தலைவர் தன் படகையும் இன்னொன்றையும் வடக்கே அனுப்பினார். பிறகு என் அறைக்கு வந்தார்.

“என்ன மேரி, பெட்டி படுத்திட்டுதோ?”

“டிஸ்க் நிறைஞ்சு போச்சு, தலைவர்.”

“எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் தொடங்கும். போன முறை மாதிரி மற்றத் தீவு தரும்தானே.”

“துளசியைக் கேட்கிறன்.”

“நீர் கேட்டு முடிய தாசன் இந்தியாக் கரைக்குப் போயிடுவான்.”

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். கதவடியில் றெஜினா நின்றாள். தாசனின் மனுசி. தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

எல்லாருக்கும் கேட்கப் போனைச் சத்தமாகப் போட்டேன். துளசி முதலில் கேட்டது இதுதான். “மற்றத் தீவுகளோட கடைசியா எப்ப கதைச்சது அக்கா?”

“விடியமுன்னமே அறுந்து போச்சு.”

“தாசன் அண்ணை எப்ப போனவர்?”

“அதுக்குப் பிறகு.”

துளசி சொன்னது: “அப்ப அண்ணையின்ர புள்ளி வேற ஒரு இடத்திலையும் இல்லை. உங்களிட்ட மட்டும்தான். மெமரியில நிண்டது மெஷினோட போச்சு. டேற்றாவுக்கு இன்னும் போகேல்லை. கொமிற் லொக்கில மட்டும்தான் கிடக்குது. அதைத் தொடாதேங்கோ.”

தலைவர் குறுக்கே வந்தார். “லொக் எண்டா குப்பையெல்லே? என்ர மோன் லப்டொப்பில அதைத்தான் அழிக்கிறவன்.”

“அங்க குப்பை. இங்க அது இல்லாட்டி அண்ணை இல்லை,” என்றது துளசி.

டிஸ்க்கில் இடம் வர, ஸ்னாப்ஷொற்றை அழிக்கச் சொன்னது துளசி. ஃபோல்டர்கள் எல்லாம் நீட்டு நீட்டுப் பேர். ஒன்று மாறினால் போச்சு. 

றெஜினா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். “நானும் வாசிக்கிறனக்கா. ரெண்டு பேர் வாசிச்சாப் பிழைக்காது.”

எஸ், என், ஏ என்று அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு அழித்தேன். ஒவ்வொன்றாக அப்படித்தான். 

மெஷின் தொடங்கியது. ஆனால் புள்ளிகளைக் காட்டுகிற கடல் படம் வரவில்லை.

“இப்ப என்னக்கா செய்யுது?”

“காலமை வந்ததெல்லாத்தையும் முதலில இருந்து வாசிக்குது.”

“இவர் அதுக்குள்ளேயோ?”

“ஓம்.”

அவள் கதிரையை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். கையை அதன் மேல் வைத்தாள். 

புள்ளிகள் வந்தன. தாசன் படகு கொஞ்சத் தூரம் வடக்கே போயிருந்தது. மற்றவர் கண்ணுக்கு மறைந்ததும் மேற்கே திரும்பி, தெற்கே போயிருந்தது. நல்ல இடம் கண்டவர் ஒருவரும் அதை வெளியில் சொல்வதில்லை. இங்கே எல்லாரும் அப்படித்தான். கடைசிப் புள்ளிகள் நெருக்கமாக, நெடுந்தீவுப் பக்கம் சரிந்து கிடந்தன. எஞ்சின் நின்று இழுபடுகிற படகு அப்படித்தான் காட்டும். மெஷின் எழும்பின பிறகு அந்தப் படகிலிருந்து ஒரு புதுப் புள்ளியும் வரவில்லை.

“கள்ளன்,” என்றார் தலைவர்.  உடனே போன் எடுத்து வடக்கே போனவர்களைத் திருப்பினார்.

நெடுந்தீவுக்கு மேற்கே பிடித்தார்கள். பொழுதுபட முன்னம் கட்டி இழுத்து வந்தார்கள். கருவியும் போனும் தண்ணீரில் நனைந்து செத்திருந்தன. தாசனுக்கு எழும்பி நிற்க ஏலாமல் இருந்தது. றெஜினா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனாள்.

“வடக்க எண்டு சொல்லிட்டு எங்க போனனீங்கள்?”

“இஞ்சரப்பா, வடக்க மீன் இல்லை.”

“மீன்!” என்றாள்.  அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

4. பிள்ளைகளுக்கு

மற்றத் தீவில் கொப்பி இருக்கிறது என்று நம்பி அழிக்காதீர்கள். இன்றைக்கு வந்தது இன்றைக்கு அங்கே போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். அதுவரை கொமிற் லொக்கில் கை வைக்கவேண்டாம். ஸ்னாப்ஷொற்றை மாதத்துக்கு ஒருக்கா துளசியைக் கேட்டுத் துப்புரவாக்குங்கள். இதைத்தான் படித்தேன்.

அன்ரெனா திருத்தின பிறகு தாசனின் புள்ளிகளும் மற்ற இரண்டு தீவுக்கும் போயின.

அடுத்த கிழமை அவர் கடலுக்குப் போக முன்னம் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். போகிற இடத்தைப் படத்தில் விரலால் காட்டினார்.

“ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ அக்கா.”

“றெஜினாட்டச் சொன்னீரோ?”

“அவவுக்குத்தான் முதல் சொன்னனான்.”