மைக்கம்மாவும் செக்கரும்

பத்தே முக்கால் துறைமுக வண்டி கிளம்பிப் போனதும் மைக்கம்மா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மகளை மடியில் சாய்த்துக்கொள்கிறாள். அடுத்த வண்டி பதினொன்று பத்துக்கு. நடுவில் இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ஐந்து மாதப் பிள்ளை வயிறு நிறையக் குடித்தாக வேண்டும்.

குடிக்கத்தான் செய்கிறாள், இல்லை என்று சொன்னால் பாவம். முதல் இரண்டு நிமிடம் மடக்கு மடக்கென்று சத்தம் வெளியே கேட்கும். மூன்றாவது நிமிடம் வாசலில் யாரோ செருப்பைத் தேய்ப்பார்கள். உடனே தலை திரும்பிவிடும். வந்தவர் யார், கையில் என்ன, எதற்கு வந்தார் என்று மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வாய் வைப்பாள். சில சமயம் வாயை விடாமலே கழுத்தை மட்டும் திருப்புவாள். அப்போது மைக்கம்மாவுக்கு உயிர் போய்த் திரும்பி வரும். சுண்டுவிரலை மெதுவாக வாயோரத்தில் நுழைத்துப் பிள்ளையை விடுவித்துக்கொள்வாள். ஓட்டுநர்கள் அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் செக்கர். டிக்கெட் பரிசோதகரைப் போல ஏறி இறங்குகிற ஒரு ஆளையும் விடாமல் பார்ப்பதால் வந்த பெயர். வீட்டிலும் இப்போது அதுவேதான்.

மைக்கம்மாவின் வேலை பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது. வண்டி எண், ஊர், மேடை, மணி எல்லாவற்றையும் ஒரு தடவை தனித்தனியாகப் பேசிப் பதிந்து கொடுத்துவிட்டாள். ஒலிபெருக்கிப் பெட்டி அவற்றைக் கோத்துக் கோத்துத் தானே சொல்லிக்கொள்ளும். வண்டி தாமதமானாலோ யாராவது பையைத் தொலைத்தாலோ மட்டும் அவள் மைக்கைத் திறந்து பேசுவாள். பத்து வருடமாக இப்படியே பேசிப் பேசி, வீட்டிலும் அந்த நாக்கு மாறுவதில்லை. பூட்டு ரிப்பேர் பார்க்கிற கணவர் குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்தால், "உள்ளே இருக்கும் பயணி உடனடியாக வெளியே வரவும்" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வாள். அவரும் துண்டோடு வந்து நின்று, வண்டி எத்தனாவது மேடை என்று கேட்பார்.

செருப்புச் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளை தானாகவே பாலுக்குத் திரும்பிவிடும். அது ஒரு பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஒரே ஒரு சத்தத்துக்குத் திரும்பினால் அவ்வளவுதான், அன்றைய பால் முடிந்தது. எது என்று வெகுநாள் யாருக்கும் பிடிபடவில்லை. ஹாரன் என்றார்கள். விசில் என்றார்கள். ஒரு நாள் மின்சாரம் போய்ப் பெட்டி ஊமையாகிவிட, வண்டி நேரம் குறிக்கிற டைம்கீப்பரே தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு நிலையம் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தார். அன்றைக்குச் செக்கர் ஒரு தடவைகூட நிமிரவில்லை. குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, தூங்கியும் போனாள். தன் குரலுக்கு இவ்வளவுதானா மரியாதை என்று டைம்கீப்பருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மின்சாரம் வந்தது. சுவரில் இருந்த பெட்டி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றது. செக்கர் தூக்கத்திலிருந்து விலுக்கென்று எழுந்து சுவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் புரிந்தது. பிள்ளை தேடுவது அம்மாவை. மடியில் ஒரு அம்மா இருக்கிறாள், சுவருக்குள்ளேயிருந்து இன்னொரு அம்மா கூப்பிடுகிறாள். எந்த அம்மாவிடம் போவது?

"என் குரலே எனக்குச் சக்களத்தியா வந்து உக்காந்திருக்கு" என்று மைக்கம்மா சொன்னபோது டைம்கீப்பர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிக்கிற காரியமாக அது இல்லை. மூன்று வாரமாகச் சுகாதார நிலையத்துத் தராசில் முள் ஒரே இடத்தில் நின்றது. பால் குறைவா என்று நர்ஸ் கேட்டதற்கு, "பால் இருக்கு சிஸ்டர். குடிக்கத்தான் இவளுக்கு நேரம் இல்ல" என்றாள். நர்ஸ் பதினைந்து நாள் கழித்து வியாழக்கிழமை வரச் சொன்னாள். முள் அசையாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பால் கொடுப்பது என்று மைக்கம்மா தானே முடிவு செய்துகொண்டாள். யார் சொல்லியும் இல்லை. கடிதத்தையும் எழுதி, நாலாக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு முன் செய்யாத வித்தை இல்லை. துணியால் மூடினாள். செக்கர் இழுத்துத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். தடித்த நூல் கயிறு ஒன்றில் முடிச்சுகள் போட்டுத் தன் கழுத்தில் தொங்கவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் கை சும்மா இருந்தது, கழுத்து இருக்கவில்லை. டைம்கீப்பர் ஸ்டூல் போட்டு ஏறி அந்த அறைப் பெட்டியின் ஒயரைக் கழற்றிக்கூடப் பார்த்தார். வெளியே நாற்பது பெட்டி இருக்கிறதே, அத்தனையும் ஜன்னல் வழியே வந்து கூப்பிட்டன. ஒயரை மறுபடி மாட்டிவிட்டு இறங்கினார்.

திங்கட்கிழமை நடந்ததுதான் கூத்து. செக்கர் குடித்துக்கொண்டே காலை உதைத்தாள். குதிகால் போய் மைக் பொத்தானில் பட்டது. மைக்கம்மா கவனிக்கவில்லை. வழக்கம்போல மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் தீர்ந்துபோச்சு. அந்தப் பக்கம் வா. சீக்கிரம் வா, நேரம் இல்ல."

நிலையம் முழுக்கக் கேட்டது. இரண்டாம் மேடையில் மலை வண்டிக்காக நின்ற எழுபது எண்பது பேர், மூட்டை முடிச்சு, குடை, நடக்க முடியாத பெரியவர் ஒருவர் உட்பட, தண்டவாளம் போட்டதுபோல வரிசையாக எதிர் மேடைக்குப் போய் நின்றார்கள். பத்து வருடமாக அந்தக் குரல் சொன்னால் கேட்டுப் பழகிய சனம். மலை வண்டி வழக்கமான இடத்தில் வந்து நின்று, ஏற ஆள் இல்லாமல் முழித்தது.

டைம்கீப்பர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்று, "மைக்கம்மா, என்ன சொன்னீங்க? சனமெல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு" என்றார்.

மைக்கம்மா செக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணை உருட்டிச் சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள். மறுபடி பெட்டி, மறுபடி வாய். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சைப் பேசினால் இரண்டும் ஒன்றுதானே? அவ்வளவு தெளிவு அந்தப் பிள்ளைக்கு இருந்தது. அந்தப் பக்கம் வந்தாள், வாய் வைத்தாள், விடவே இல்லை.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க அண்ணே. சாப்பிடுறா" என்றாள் மைக்கம்மா. அதுவும் நாற்பது பெட்டியிலும் போனது. வெளியே நிலையமே குரலைத் தாழ்த்திக்கொண்டது என்று பிறகு டீக்கடைக்காரர் சொன்னார். இன்றைக்கும் அந்தக் கடையில் பால் தீர்ந்தால், "இந்தப் பக்கம் தீர்ந்துபோச்சு" என்றுதான் சொல்கிறார்கள்.

அன்றிலிருந்து பெட்டி வாய் திறக்கும்போதெல்லாம் மைக்கம்மாவும் வாய் திறக்கிறாள். மூச்சு விடுகிற இடம்கூடத் தெரியும், அவள் பேசியதுதானே. பத்து நாள் இப்படிப் போனது. வியாழக்கிழமை தராசில் முள் நகர்ந்தது. என்ன செய்தாய் என்று நர்ஸ் கேட்டாள். "கூடச் சேர்ந்து பேசினேன் சிஸ்டர்" என்றதற்கு நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை, எடையை மட்டும் எழுதிக்கொண்டாள். நாலாக மடித்த கடிதம் இப்போது ஆடுகிற வாளியின் ஓரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

பதினொரு மணி. பெட்டி தொண்டையைச் செருமுகிறது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மைக்கம்மா குனிந்து, மகளின் முகத்துக்கு நேராக, ஒரு எழுத்து முந்தாமல் பிந்தாமல் கூடவே சொல்கிறாள். செக்கர் வாயை விடாமல் மேலே பார்க்கிறாள். கயிற்றை விட்டுவிட்டு ஒரு கை எழுகிறது. அம்மாவின் உதடு அசைவதைத் தடவிப் பார்க்கிறது. பிறகு ஐந்து விரலையும் விரித்து அந்த வாயைப் பொத்துகிறது. சுவரில் குரல் நிற்கவில்லை. செக்கர் கண்ணை மட்டும் ஒரு தடவை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு, கையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு குடிக்கிறாள். மேடை எண்ணை மைக்கம்மா அந்தக் கைக்குள்ளேயே சொல்லி முடிக்கிறாள்.