பலவேசம் அண்ணாச்சி பூசிய சந்தனம்

முத்துச்செல்விக்கு எரிச்சல் வந்தால் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். சிவகாசியில் பலவேசம் அண்ணாச்சியின் அச்சாபீசில் சேர்ந்த பிறகு அந்த உதடு நேராக இருந்த நாள் குறைவு.

ஆனைக்குட்டத்திலிருந்து மினிபஸ் ஏறி வருவாள். தினசரி காலண்டரின் மேலட்டையைக் கம்ப்யூட்டரில் வரைவது அவள் வேலை. முருகன் படத்தைவிடக் கடைப் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் புண்ணியவான்களுக்கெல்லாம் பொறுமையாக வரைந்து கொடுப்பாள். வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. அதனால் அண்ணாச்சி அவள் கையைக் குறை சொன்னார்.

அவள் வரைகிற லேப்டாப் அண்ணாச்சி தொழில் தொடங்கியபோது வாங்கியது. ஆடி பதினெட்டு கழிந்து ஆர்டர் குவியத் தொடங்கியதும் அது தோசைக்கல் மாதிரிச் சுடும், இரைச்சல் போடும், பாதி வேலையில் படக்கென்று அணைந்து போகும். வரைந்ததெல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

"மிஷினு நல்லாத்தாம் இருக்கு. இந்தப் பிள்ளைக்குக் கைராசி இல்ல" என்பார் அண்ணாச்சி. அவளிடம் சொன்னாலாவது பரவாயில்லை. ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடம் சொன்னார், பேப்பர் லோடு இறக்க வந்தவர்களிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார். சிவகாசியில் ஒருத்தியைக் கைராசி இல்லாதவள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. வேறு எந்த அச்சாபீசிலும் உட்கார நாற்காலி கிடைக்காது. முத்துச்செல்விக்கு இருக்கிற ஒரே சொத்து இந்தக் கைதானே!

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அய்யப்பனிடம் போனாள். அவன் அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"யக்கா, என்ன இது? உள்ள ஒரு கோயிலே இருக்கு!"

சூட்டை வெளியே தள்ளுகிற காற்றாடி முழுக்கச் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. அதன்மேல் குங்குமம். மூலையில் ஒரு பொரி. அந்தப் பொரிக்கு வந்து செத்த எறும்புகள். ஆயுத பூஜை தவறாமல் அண்ணாச்சி மூன்று விரலால் சந்தனத்தைக் குழைத்து, காற்று போகிற ஓட்டை எதுவோ அதைப் பார்த்து அப்புவார். பொரிகடலையையும் விசைப்பலகை மேலேயே வைத்துப் படைப்பார். லேப்டாப்புக்குப் பசிக்குமாம்!

"காத்தாடிய மாத்திச் சுத்தம் பண்ணுனா இன்னும் நல்லா ஓடும்க்கா. புதுசு வாங்குற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்றான் அய்யப்பன்.

முத்துச்செல்வி அதை அப்படியே வந்து சொன்னாள். அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது.

"சாமிக்குப் பூசுன சந்தனத்தையா குத்தஞ் சொல்லுத? ராசியான மிஷினு. அதப் பிரிச்சு மேயக் கூடாது. மாத்தவும் கூடாது."

சரி செய்யவும் கூடாது, மாற்றவும் கூடாது. அணைந்தால் மட்டும் அவள் கைராசி. எம்புட்டு நியாயம்!

அடுத்த வாரம் விருதுநகரிலிருந்து அண்ணாச்சியின் சம்பந்தி வந்தார். வத்தல் மண்டிக்காரர். லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "இன்னுமா இந்தப் பெட்டிய வச்சு மாரடிக்கீக?" என்று மூக்கால் சிரித்தார். அவ்வளவுதான், ராசி பறந்துவிட்டது. மறுநாளே பளபளவென்று புது லேப்டாப் வந்து இறங்கியது. விவரம் தெரிந்தவன் சொன்னது காதில் ஏறவில்லை, வத்தல் விற்கிறவரின் சிரிப்பு ஏறிவிட்டது. அண்ணாச்சி முடிவெடுக்கிற லட்சணம் இது.

முத்துச்செல்வி எல்லா வேலைகளையும் புதியதில் ஏற்றி முடித்தாள். "பழசத் தூக்கிக் குப்பையில போடு" என்றார் அண்ணாச்சி.

"நான் எடுத்துக்கிடவா அண்ணாச்சி?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று ஒரு ஊரையே தானம் கொடுக்கிறவர் போலக் கையை வீசினார். அவள் அன்று சாயந்திரமே அய்யப்பனிடம் கொடுத்துக் காற்றாடியை மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். சத்தமில்லாமல் ஓடியது.

ஆயுத பூஜை வந்தது. புது லேப்டாப்பைத் திறந்து, திரையில் சரஸ்வதி படத்தை வரவழைத்து, மாலை சாத்தச் சொன்னார் அண்ணாச்சி. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் பன்னீர்ச் சொம்பு. முத்துச்செல்வி குறுக்கே வந்தாள்.

"அண்ணாச்சி, அத அணைச்சு மூடிட்டு, மூடி மேல ஒரு பொட்டு மட்டும் வைங்க."

"நீ தள்ளி நில்லு. ராசியில்லாத கை இதுல படக் கூடாது."

எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் தள்ளி நின்றாள். உதடு கோணியது. அண்ணாச்சி பக்கவாட்டில் காற்று போகிற ஓட்டையில் சந்தனத்தை அப்பிவிட்டு, சரஸ்வதியின் முகத்தில் பன்னீரைத் தாராளமாகத் தெளித்தார். திரையில் வழிந்த பன்னீர் எழுத்துக் கட்டைகளுக்குள் இறங்கியது. சரஸ்வதி இரண்டு தடவை விட்டு விட்டு எரிந்தாள்.

"ஆத்தா கண் சிமிட்டுதா, பாருங்கலே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அண்ணாச்சி. பிறகு திரை இருண்டது. அப்புறம் விடியவே இல்லை. உள்ளே எல்லாம் வெந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று அய்யப்பன் கையை விரித்துவிட்டான்.

நகைக்கடைக் காலண்டரின் லட்சுமி அட்டை அச்சுக்குப் போக வேண்டிய நேரம். வரைந்து வைத்ததெல்லாம் புது லேப்டாப்போடு போச்சு. அண்ணாச்சி தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆனைக்குட்டத்துக்கு வந்தார். முத்துச்செல்வி வீட்டு மேசையில் பழைய லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அதே நகைக்கடை, அதே லட்சுமி. பழையதிலிருந்து அவள் எதையும் அழித்திருக்கவில்லை.

"ஓடுதா?" என்றார் அண்ணாச்சி, நம்பாமல்.

"ஓடுது."

"அப்ப நீதாந்தாயி முடிச்சுக் குடுக்கணும்." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கோயில் பிரசாதப் பொட்டலத்தை எடுத்தார். ஈரச் சந்தனத்தை மூன்று விரலால் குழைத்தார். விரல்கள் லேப்டாப்பின் காற்று ஓட்டையை நோக்கிப் போயின.

முத்துச்செல்வி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அத உங்க நெத்தியில பூசிக்கிடுங்க அண்ணாச்சி. இது என் கைராசியிலயே ஓடட்டும்."