பத்மாசினி கூப்பிடாத படலை

யாழ்ப்பாணத்தில் வனக் குளியலைத் தொடங்கிய முதல் ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று மயிலிட்டிக் கடற்கரையில் மாடி விடுதிக்கு முதலாளி.

"இஞ்சை எங்கை காடு?" என்று சிரித்தார்கள். சண்டைக்குச் சனம் எழும்பி ஓடி, இருபத்தேழு வருடம் ஒருவரும் திரும்பாமல் முள்ளுக்கம்பி போட்டு அடைத்த ஊர் வேறு என்னவாகும்? வீடு நின்ற வளவுக்கு வளவு வேம்பும் வடலிப் பனையும் ஏறி நின்றன. அதற்குள் விருந்தாளிகளைச் செருப்பில்லாமல் மெதுவாக நடக்கவிட்டு, மூச்சை ஆழ இழுத்து, காதைத் திறந்து வைக்கச் சொன்னால் பிரஷர் இறங்குகிறது, நித்திரை வருகிறது. தண்ணீர் இல்லாத குளியல்.

அவர்களைக் கூட்டிப்போகிறவள் பத்மாசினி. அந்த ஊரில் பிறந்து, அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, கருவாடு போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவள். என் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவளை இந்த வேலைக்கு எடுத்தது என் கெட்டித்தனம்.

ஒவ்வொரு வளவுக்குள்ளும் கால் வைக்க முன்னர் அவள் நின்று, "வீட்டுக்காரர்! உள்ளுக்கு வாறம்!" என்று கூப்பிடுவாள். அங்கே வீடும் இருக்காது, வாசலில் படலையும் இருக்காது. வெறும் பற்றைக்காடு.

ஆலமரம் நிற்கிற மூலை வளவில் மட்டும் கூப்பிடவும் மாட்டாள், நுழையவும் மாட்டாள். அது அவளுடைய சொந்த வளவு. தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழ, தாயும் பிள்ளைகளும் வெளிக்கிட்டபோது தகப்பன், "நீங்கள் முன்னாலை போங்கோ. நான் படலையைப் பூட்டிப்போட்டு வாறன்" என்றாராம். வரவில்லை. வீட்டோடு முடிந்தாரா, வழியில் முடிந்தாரா, ஒருவருக்கும் தெரியாது. வளவைத் துப்புரவாக்கி வீடு கட்டுவோம் என்று புருஷன் எத்தனையோ தரம் கேட்டும் அவள் ஒரு கொப்பைத் தொட விடவில்லை.

"ஒருக்காக் கூப்பிட்டுப் பாரன், பிள்ளை" என்றேன் ஒருநாள்.

"கூப்பிட்டு ஒருத்தரும் மறுமொழி சொல்லாட்டி, முதலாளி? பிறகு நான் ஆருக்காக வழி பாத்துக்கொண்டு இருக்கிறது?"

போன ஆவணியில், கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நானும் நடந்தேன். அவர்களின் மகன் நிருஷன் பகிடிக்காரன்.

"அக்கா, ஆரைக் கூப்பிடுறியள்? பாம்பையோ?"

"பாம்பெண்டாலும் அதின்ரை வீடுதானே, தம்பி. சொல்லிப்போட்டுப் போவம்."

மூலை வளவு வந்ததும் பத்மாசினி வாயை மூடிக்கொண்டு விலகினாள். அந்தக் காட்டிலேயே திறமான நிழல் அந்த ஆலின் நிழல்தான். எனக்குப் பயம் என்பது பழக்கமில்லை. சந்தையில் வெங்காயம் கூவி விற்ற தொண்டை.

"வீட்டுக்காரர்!" என்று கத்திவிட்டேன்.

கத்திக்கொண்டிருந்த செண்பகப் பறவை நிறுத்தியது. ஓர் இலை அசையவில்லை.

"வாறன்."

உள்ளேயிருந்து, ஆறுதலாக, கைவேலை இன்னும் முடியாத ஆளின் குரல். நிருஷன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "அங்கிள், உதுக்குள்ளை ஆக்கள் இருக்கினமோ?"

பத்மாசினி அழவில்லை. "கொஞ்சம் நில்லுங்கோ. பூட்டிப்போட்டு வாறார்" என்றாள்.

நின்றோம். வெயில் சாயும் மட்டும் ஒருவரும் வரவில்லை.

மறுநாள் காலை அவளே கத்தியோடு போனாள். நானும் போனேன், அவளுக்குத் துணையாக. நாயுண்ணிப் பற்றையை வெட்ட வெட்ட, உக்கிய இரும்புப் படலை தெரிந்தது. சங்கிலி சுற்றியிருந்தது. துருவேறிய ஆமைப்பூட்டு தெருப் பக்கம் தொங்கியது. உள்ளே நின்று ஒருவர் அதைப் பூட்ட முடியாது.

அவள் அதைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "பூட்டிப்போட்டு வெளிக்கிட்டிருக்கிறார், முதலாளி. அப்பா உள்ளுக்கை இல்லை."

"அப்ப நேற்று 'வாறன்' எண்டது ஆர், பிள்ளை?"

அவள் வளவைப் பார்க்கவில்லை. தெரு முடிகிற தொங்கலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது புருஷன் வளவைத் துப்புரவாக்குகிறான். அத்திவாரமும் வெட்டியாகிவிட்டது. அந்தப் பக்கம் போனால் நான் வாய் திறப்பதில்லை; தொண்டை முந்திமாதிரி இல்லை. வேலைக்காரர்கள் பக்கத்து வேலியைப் பிரித்துத்தான் போய்வருகிறார்கள். படலையை உடைக்கப் பத்மாசினி விடவில்லை. பூட்டின் திறப்பு அப்பாவிடம் இருக்கிறதாம்.