மதாம் வீட்டு மானிட்டர்

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையை ஒட்டிய ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். கீழே பால் பூத். பால் வாங்க வருகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? குடும்பம் குட்டி என்று இருக்கிறவர்கள், ஸ்கூட்டரில் காலடியில் கணினிப் பெட்டியை நிற்கவைத்து, முழங்காலால் இடுக்கிக்கொண்டு, கயிறு வேறு கட்டி, சாமி ஊர்வலம் மாதிரி மெதுவாக வந்து இறங்கினால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். பால் பூத்காரர் எங்களுக்கு வைத்த பெயர் பொட்டிதூக்கிகள். சங்கம் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் எங்களுக்குள்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நாலைந்து வருஷத்துக் கதை இது. யூனிக்ஸ் என்று பெரிய கம்பெனிகளிலும் கல்லூரிகளிலும் ஓடிக்கொண்டிருந்த, கணினியை இயக்குகிற மென்பொருளுக்கு, இலவசமாகக் கிடைக்கிற உறவுக்காரன் லினக்ஸ். அதை வீட்டுக் கணினியில் போட்டுக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. இன்டர்நெட் டெலிபோன் கம்பியில் ஊர்ந்து வந்த காலம். சென்னைக்குப் போகிற யாராவது சிடி வாங்கி வந்தால், அது கீறல் விழுந்து சாகிறவரை கைமாறிக்கொண்டே இருக்கும். நான் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் கணினிக்கு மாதம் தவறாமல் வைரஸ் வரும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் வெறுத்துப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினவள்தான், அப்புறம் இறங்க மனசு வரவில்லை.

மாடி, ஒரு கல்லூரியில் கணினி லேபைப் பார்த்துக்கொள்கிறவருடையது. அதனால் அவர் எங்களுக்கு லேப்காரர். அங்கே இருந்தது ஒரே ஒரு மானிட்டர். அந்தக் காலத்துக் கண்ணாடி மானிட்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஸ்கூட்டரில் வர முடியாது. அதனால் பெட்டியை மட்டும் கொண்டுவந்து, ரேஷன் கடையில் நிற்பதுபோல் மானிட்டருக்கு வரிசையில் நிற்போம்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் கீபோர்டை யாரும் தொடக்கூடாது. உதவி செய்ய வருகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயால் மட்டும் சொல்லலாம். தெரிந்தவர்கள் டபடபவென்று தட்டிச் சரிசெய்துவிட்டு எழுந்துபோய்விடுவார்கள், பெட்டிக்காரருக்கு ஒரு மண்ணும் புரியாது, அடுத்த வாரம் அதே கோளாறோடு வந்து நிற்பார் என்பதால் லேப்காரர் போட்ட சட்டம். தொட்டவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவர வேண்டும். மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர்தான் அநேகமாக எல்லா வாரமும் கொண்டுவருவார். நல்ல மனுஷன், ஆனால் கை சும்மா இருக்காது.

மதாம் ஆட்டோவில் வந்து இறங்கியது அந்தச் சமயத்தில்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அதனால் எல்லோருக்கும் அவர் மதாம். பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று நம் ஊர்ப் பத்திரங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுப்பது அவர் தொழில். ஐம்பது வயது இருக்கும். சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஒரு வருஷமாக வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். தனியாள். பிரான்சில் இருந்த அண்ணன், வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, ஒரு ரூம் ஒழித்துத் தருகிறேன் என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டுகிற லினக்ஸ் இருக்கிறது என்று அண்ணன் மகன் சொல்லப்போய், விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

முதல் நாளே மருந்துக்கடைக்காரர் இரக்கப்பட்டு அவருடைய கீபோர்டுமேல் கை வைத்தார். சத்தத்தை வைத்தே மதாம் கண்டுபிடித்துவிட்டார். "இங்க அடுத்தவங்க கீபோர்டத் தொடக்கூடாதுன்னு கீழ பால்காரர் சொன்னாரே. எனக்கு மட்டும் என்ன சலுகை?" என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

சில வாரங்களில் பெட்டி பேச ஆரம்பித்தது. எழுத்து மட்டும் ஓடுகிற கறுப்புத் திரை, அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆண் குரல். பிரெஞ்சும் பேசியது. ஜலதோஷம் பிடித்த போலீஸ்காரன் மாதிரி பேசுகிறான் என்று மதாம் சிரித்தார். அந்தக் குரலை வேகமாக, இன்னும் வேகமாக வைத்துக்கொண்டே போனார். எங்கள் காதில் வண்டு குடைகிற மாதிரிதான் விழும். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் புரிந்தது.

அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது என் வேலையாகிப்போனது. மேஜைமேல் அவருடைய மானிட்டர் பளபளவென்று இருக்கும். தினமும் துணியால் துடைப்பார், பெட்டியைப் போடும்போதெல்லாம் அதையும் போடுவார். கரண்டுக்குக் கேடு, இது எதற்கு மதாம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "பார்வ திரும்பி வந்தா வேணும்ல" என்றார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு. அதற்குப் பிறகு அந்த மானிட்டர் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

கண் போனபிறகு அவர் ஒத்துக்கொண்ட முதல் வேலை ஒரு புதுப்பெண்ணுடையது. புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில். இவள் அங்கே போவதற்கான பத்திரங்களைத் திங்கட்கிழமை காலை தூதரகத்தில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண்ணே ஞாயிறு வந்து தமிழில் வாசிப்பாள், மதாம் பிரெஞ்சில் அடிப்பார், குரல் படித்துக்காட்ட, தேதியும் பெயரும் சரியா என்று பார்த்துக்கொள்வார். இதுதான் ஏற்பாடு. இது நடந்தால் தொழில் உண்டு, நடக்காவிட்டால் அண்ணன் சொல்கிற ரூமுக்குப் போய்விடுகிறேன் என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் கைக்கு ஒரு புது சிடி கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பொறுக்காது. புதுசு வந்துவிட்டால் போட்டே தீர வேண்டும். மதாமின் முக்கியமான வேலைக்கு முக்கியமான பரிசாக இருக்கட்டும் என்று அவர் வீட்டுக்கே போய், வேண்டாம் என்றவரைச் சமாதானம் செய்து, தன் கையாலேயே புதுப்பதிப்பைப் போட்டுவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் மதாம் எனக்குப் போன் செய்தார். "பெட்டி ஊமையாயிடுச்சும்மா. ஓடுதா இல்லியான்னுகூடத் தெரில."

சங்கமே அவர் வீட்டில் கூடியது. அவசரத்தில் சட்டம் காற்றில் போயிற்று. மருந்துக்கடைக்காரர் தட்டினார், அவரை நகர்த்திவிட்டு லேப்காரர் தட்டினார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திரையைத் திறந்து எல்லாக் கோடுகளையும் உச்சிவரை ஏற்றினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரை மாற்றினார்கள். சவுண்டு கார்டைக் கழற்றி ஊதி மாட்டினார்கள். அப்புறம் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து, மென்பொருளின் மூலநிரலையே எடுத்து முதலிலிருந்து திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். அது ஓடி முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. அப்போதும் ஊமைதான். புதுப்பெண் பத்திரக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதாம் அவருடைய வீட்டிலேயே, ஒரு மூலை நாற்காலியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணன் வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. அதற்குமேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"எல்லாரும் எழுந்திருங்க. கீபோர்டு அவங்களுது" என்றேன். லேப்காரர் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மதாம் வந்து உட்கார்ந்தார். கையால் தடவி விசைகளை அடையாளம் பார்த்துக்கொண்டார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "இப்ப நீதான் கொரல். திரையில என்ன இருந்தாலும் படி. உனக்கு வேண்டியது வேண்டாததுன்னு பாக்காத. அவன் அப்டிதான் படிப்பான்."

ஆண்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். லேப்காரர் வாயால் சொன்னார், மதாம் அடித்தார், நான் படித்தேன். ஒரு வரி விடாமல், புள்ளி கோடுகூட விடாமல் படித்தேன். மனுஷக் கண் எத்தனை விஷயத்தைத் தாண்டிப் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் வறண்டுவிட்டது. பாதியில் புதுப்பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுபடியும் அந்தச் சத்தத் திரை வந்தது. நான் மேலிருந்து படித்தேன். முதல் கோடு, உச்சிவரை நிரம்பியிருக்கிறது. அதன் அடியில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் எம், எம். அடுத்த கோடு, அதுவும் நிரம்பியிருக்கிறது. அடியில் எம், எம்.

"இரு" என்றார் மதாம். "அது என்ன எம் எம்?"

எனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். லேப்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் அவர்தான் மெதுவாகச் சொன்னார். "வாயக் கட்டி வெச்சிருக்குன்னு அர்த்தம் மதாம். புதுப்பதிப்புல மொதல்ல அப்டிதான் இருக்கும். நாம தொறந்து விடணும்."

தண்ணீர் வரவில்லை என்று குழாய் முழுவதையும் கழற்றிப்போட்டிருக்கிறோம், மெயின் வால்வு மூடியிருக்கிறது, அந்தக் கதைதான். எல்லோரும் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. எந்த விசை என்று மதாம் கேட்டார். எம்தான் என்றார்கள். தேடி அழுத்தினார்.

உடனே போலீஸ்காரன் குரல் அறை முழுக்கக் கேட்டது, ஒரு வார்த்தையின் பாதியிலிருந்து. அப்படியானால் காலையிலிருந்து அவன் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். எங்களுக்குத்தான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. மதாம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, "நீ நல்லாதாம்மா படிச்ச. ஆனா ரொம்ப நிதானம்" என்றார்.

அப்புறம் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். புதுப்பெண் தமிழில் வாசிக்கிற சத்தம், விசைகளின் சத்தம், அப்புறம் அந்த வண்டுச் சத்தம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலை முடிந்தது. புறப்படும்போது அந்தப் பெண் மதாம் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடைக்காரர் யாரும் கேட்காமலேயே அடுத்த மாதம் முழுக்க டீ தன்னுடையது என்றார்.

திங்கட்கிழமை தூதரகத்தில் பத்திரங்களை வாங்கிக்கொண்டார்கள், ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போயிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. மதாம் பிரெஞ்சில் பேசினார். எனக்குப் புரிந்தது நோன், அதாவது இல்லை, என்ற ஒரு வார்த்தைதான். அதைப் பலமுறை சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆட்டோக்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அவர் தோளில் மதாம் வீட்டு மானிட்டர். பின்னாலேயே மதாம், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மானிட்டரில் ஏதாவது கோளாறா என்று லேப்காரர் பதறினார்.

"கோளாறெல்லாம் இல்ல. மேஜையில எடத்த அடைச்சிக்கினு கெடக்கு. நீங்க வரிசையில நிக்கிறீங்களே, அதுக்கு வெச்சிக்குங்க."

பார்வை திரும்பினால் வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். வருத்தம் இருந்தது. ஆனால் தோற்றுப்போனவர் முகம் இல்லை அது. பழைய மேஜை ஒன்றை இழுத்துப்போட்டு மானிட்டரை வைத்தோம். வரிசையில் கடைசியாக நின்றது நான்தான், என்னையே உட்காரச் சொன்னார்கள். என் பெட்டியை மாட்டினேன்.

"எரியுதா?" என்று கேட்டார்.

"எரியுது மதாம்."

அவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சொல்லு, உனக்கு என்ன பிரச்சன?" என்றார்.