கோமதிக்கு மூன்று வருஷம்

போன மாதம் மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரம்மா கேட்டார்.

"இன்னாம்மா, உன் நாத்தனா பெங்களூரு டீமுக்குப் போவுதாமே? அங்க வஞ்சிரம் இப்பிடிக் கெடைக்குமா?"

எனக்குத் தெரியாத செய்தி. வேடிக்கை என்னவென்றால், நாத்தனாருக்கே தெரியாத செய்தி.

கோமதி என் கணவரின் தங்கை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில், தன் மகளோடு இருக்கிறாள். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியின் ஹாக்கி டீமுக்கு ஆடுகிறாள். பெனால்டி கார்னர் கிடைத்தால் அடிப்பது அவள்தான். அந்த டீமின் பெயர் பேப்பரில் வருவதும் அவளால்தான்.

அவளுடைய காண்ட்ராக்ட் முடிகிற நேரம். மூன்று வருஷம் வேண்டும் என்கிறாள். ஒரு வருஷம்தான் என்கிறது கம்பெனி. காரணம் முழங்கால்... ஆபரேஷன் ஆன முழங்கால். வயது முப்பத்தொன்று. வருஷா வருஷம் போய் நின்று, 'இன்னும் ஓடுவேன்' என்று காட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது அவள் கட்சி. நியாயம்தானே?

இந்த நேரத்தில் ஏதோ ஒரு பேப்பரின் மூலையில் நாலு வரி. பெங்களூர் டீம் கோமதியைக் கேட்கிறது என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் சொன்னதாம்.

"நெஜமாவே போன் பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

"பெங்களூர்லேர்ந்து எனக்கு ஒரே போன்தான் வரும் அண்ணி. லோன் வேணுமான்னு."

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அவள் மகளும் என் மகனும் ஒரே யூகேஜி, ஒரே வேன். ஒருவேளை போய்விட்டால்? மறுநாள் பள்ளி ஆபீஸில் ஒரு கேள்வி கேட்டு வைத்தேன். வருஷ நடுவில் டிசி வாங்கினால் வேறு ஊரில் சேர்த்துக்கொள்வார்களா? யாருக்கு என்றார்கள். தெரிந்தவர்களுக்கு என்றேன்.

பக்கத்தில் நின்றிருந்தவர் வேன் ஓட்டும் பாய்.

அவருடைய தோஸ்து, கோமதியின் கம்பெனி மைதானத்தில் வேலை செய்கிறார். ஆட்டத்துக்கு முன் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பது அவர் பொறுப்பு. அந்தப் புல்லைச் சுற்றித்தான், காண்ட்ராக்ட் விவகாரம் பார்க்கும் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் தினமும் வாக்கிங் போகிறார். மூன்றாம் நாள் கோமதிக்கு ஆபீசரிடமிருந்து போன்.

"பொண்ணுக்கு டிசி வரைக்கும் போயிட்டீங்களாமே? சொல்லியிருக்கலாம்மா. ஃபைலை நிறுத்தி வைக்கிறேன்."

ஆக, கையில் இருந்த ஒரு வருஷமும் போனது. என்னால்.

மாடிக்குப் போனேன். முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். ஐஸைத் திருப்பி வைத்தாள்.

"பாய் நாளைக்கும் ஸ்கூலாண்ட வருவாரு இல்ல?"

"வருவாரு."

"அப்ப நாளைக்குப் போயி டிசி ஃபாரத்த வாங்கிக்கினு வந்துடு. அவரு பாக்குற மாதிரி. நெஜமாவே பூடுவேன்னு ஆபீசரு பயந்தாதான் ஏத்திக் குடுப்பாரு."

"பொய் இல்லையா கோமதி?"

"ஃபாரம் வாங்குறது பொய்யா? பெங்களூர் போறேன்னு நான் சொன்னனா? நீ சொன்னியா?"

"அப்படியும் குடுக்கலைன்னா?"

"நானும் கொயந்தயும் உன் வூட்லயே சாப்ட்டுக்கினு கீறோம். நீதான இஸ்த்து வுட்ட?"

வாங்கினேன். பாய் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை.

"மேடம், பாப்பா சீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துரவா?"

"கொஞ்சம் பொறுங்க பாய்" என்றேன். அது பொய்யா உண்மையா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

நாலு நாள் போன் இல்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன். கோமதி வழக்கம்போல் பயிற்சிக்குப் போனாள், வந்தாள், ஐஸ் வைத்தாள். ஐந்தாம் நாள் ஆபீசரே கூப்பிட்டார். இரண்டு வருஷம் தருகிறார்களாம்.

கேட்டது மூன்று, வந்தது இரண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவளிடம், இன்னும் ஒரு வருஷம் என்ன ஆயிற்று என்றேன்.

"ஆபீசரு முழுசா நம்பல போல. ஃபாரம் வாங்கும்போது உன் மூஞ்சி அப்பிடி இருந்திருக்கும்."

இப்போதெல்லாம் பேப்பரில் 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்று படித்தால் எனக்கு மூன்று பேர் தெரிகிறார்கள். ஒரு வேன் டிரைவர், புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் ஒருவர், தேவையில்லாத கேள்வி கேட்கும் ஒரு அண்ணி.

இதை எழுதட்டுமா என்று கோமதியிடம் கேட்டேன்.

"எய்திக்கோ அண்ணி. எங்க ஆபீசரு இங்கிலீஷ் பேப்பர்தான் படிப்பாரு."

அது சரி. பாய் தமிழ் படிப்பாரே?